வாசகர் வட்டத் தலைவர்

தமிழ்நாட்டில் எந்தக் கிளை நூலகத்துக்குள் நுழைந்தாலும் நூலகர் யாரென்று கண்டுபிடிப்பது எளிது. பதிவேட்டில் தலையைக் கவிழ்த்து எழுதிக்கொண்டிருப்பவர் அவர். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரை எழுதவிடாமல் பேசிக்கொண்டிருப்பவர் வாசகர் வட்டத் தலைவர்.

பெரும்பாலும் ஓய்வுபெற்றவர். மின்வாரியம், கூட்டுறவு வங்கி, பள்ளிக்கூடம் ஆகிய மூன்றில் ஒன்று. தலைமையாசிரியராக இருந்தவர் என்றால் நூலகருக்குக் கூடுதல் கண்டம். பதிவேட்டில் ஒற்றுப்பிழையும் பார்ப்பார். சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. பைக்குள் பழைய அழைப்பிதழ்கள், புகைப்படங்கள், மடித்து வைத்த பொன்னாடை ஒன்று. எப்போதோ இவருக்கு யாரோ போர்த்தியது அது. இவர் அதை ஒரு கவிஞருக்குப் போர்த்தினார். கவிஞர் அதைப் பக்கத்து ஊர்ப் பட்டிமன்ற நடுவருக்குப் போர்த்த, நடுவர் இங்கே வந்தபோது மறுபடியும் பைக்கே வந்து சேர்ந்தது. நூலகப் புத்தகங்கள் பலவற்றைவிட அதிகம் பேர் கைக்குப் போய், தவணை தவறாமல் திரும்பிய பொருள் அதுதான்.

வெள்ளிக்கிழமை கிளை நூலகத்துக்கு விடுமுறை. அன்று தலைவர் வெளியூர்க்காரர்போல் தெருவில் நிற்பார். அவர் எதிரே போகாமலிருப்பது நல்லது, ஏனென்றால் அன்றுதான் அவர் புரவலர் பிடிக்கும் நாள். 1000 ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர். பெயரைப் பலகையில் எழுதுவார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்தவன், புதுவீடு கட்டியவன், பெண்ணுக்குக் கல்யாணம் முடித்தவன், யாரும் தப்ப முடியாது.

"எனக்கும் நூலகத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தோம்.

"என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க! வீட்டு வரி கட்டுறீங்கல்ல? அதுல ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி. ஏற்கெனவே நீங்க நம்ம ஆளு. பலகையில பேரு மட்டுந்தான் பாக்கி. உங்க அப்பா பேரைப் போட்டுடலாமா?"

அப்பா பெயரைச் சொன்ன பிறகு பர்ஸை எடுக்காதவன் ஊரில் நடமாட முடியுமா?

தன்னார்வத் தொண்டர்களைத் திரட்டுவதிலும் சமர்த்தர். ஒருமுறை கல்லூரியிலிருந்து நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை அழைத்துவந்து அலமாரிகளைத் தூசி தட்டவைத்தார். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். தட்டியதோடு நில்லாமல் புத்தகங்களை உயரவாரியாக அடுக்கிவிட்டுப் போனார்கள். புகைப்படத்தில் பிரமாதமாக இருந்தது. நெட்டைப் புத்தகமெல்லாம் மேலே, குட்டைப் புத்தகமெல்லாம் கீழே. பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களும், பதிப்புக்கு ஒரு அளவாக இருந்த பாவத்துக்கு, ஐந்து தட்டுகளில் ஐந்து சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தன. நூலகர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, அவ்வளவுதான்.

தலைவரின் உண்மையான பருவம் நவம்பர். 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டின் மீது குடியேறும் வாரமும் அதுவே. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கிற நேரத்தில் தேதி குறித்தவர் யாரோ, நிச்சயம் பந்தல்காரரைக் கேட்டுக் குறிக்கவில்லை. தலைவர் அசரமாட்டார். ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, பரிசளிப்பு என்று ஏழு நாளுக்கும் நிரல் போட்டு ஃபிளெக்ஸும் அடித்துவிடுவார். அதில் நூலகத்தின் பெயர் உள்ளங்கை அளவு; தலைவரின் படம் ஆளுயரம். விழா நாள் காலையில் மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று தொலைக்காட்சியில் அறிவிப்பு ஓடும். பேச்சாளர் வந்துவிட்டார், மைக் வந்துவிட்டது, மிக்சர் வந்துவிட்டது. கேட்க ஆளில்லை.

அப்போதுதான் அவர் பார்வை நாளிதழ் மேசைப் பக்கம் திரும்பும். எந்த ஊரிலும் எட்டுப் பத்துப் பேர் நூலகம் திறந்ததும் வந்து, தினத்தந்தியின் ஆளுக்கொரு தாளைப் பிரித்துப் பிடித்துக்கொள்வார்கள். மழைக்கும் புயலுக்கும் வராமலிருக்க மாட்டார்கள். தலைவர் அவர்களை எழுப்பமாட்டார். அது நடக்காத காரியம். மேசையின் எதிர்ப்பக்கத்தில் மேடையைப் போட்டுவிடுவார். அரை மணி நேரத்தில், விளம்பரப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தவர்கள் தங்களை அறியாமலே சிறப்புரையின் அவையோர் ஆகியிருப்பார்கள். மாவட்ட நூலக அலுவலகத்துக்குப் போகும் புகைப்படத்தில் அவர்கள் குனிந்திருப்பது குறிப்பெடுப்பதுபோலவே தெரியும்.

வரவேற்புரை தலைவருடையது. அதில் எஸ்.ஆர். ரங்கநாதன் வராமலிருந்ததில்லை. சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனவர். சேர்ந்த சில நாளிலேயே வேலை சலித்துப்போய், பழையபடி கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டவர். முதலில் லண்டனுக்குப் போய் நூலகம் என்றால் என்னவென்று பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்கள்; திரும்பி வந்தவரை நூலகத்திலிருந்து பிரிக்க முடியவில்லை. 1948இல் சென்னை மாகாணப் பொதுநூலகச் சட்டம் வந்ததில் அவருடைய உழைப்பு பெரிது. இவ்வளவும் உண்மை. தலைவர் இதைச் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அந்தக் காலத்துக் கப்பலில் லண்டனுக்குப் பாதி தூரம் போய்விடலாம். நூலகம் வளரும் உயிரினம் என்ற பொருளில் ரங்கநாதன் வகுத்த ஐந்தாம் விதியைச் சொல்லும்போது மட்டும் கையைப் பின்னால் நீட்டி ஃபிளெக்ஸைக் காட்டுவார். அது வருடாவருடம் வளர்வது வாஸ்தவம்தான்.

ஒரு வருடம் மழை விட்டிருந்தது; பிள்ளைகள் வந்திருந்தார்கள். பரிசு வாங்கிய ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மேடையிலேயே கேட்டுவிட்டாள்: "தாத்தா, நீங்க இப்ப என்ன புத்தகம் படிக்கிறீங்க?" மைக் அணைக்கப்படவில்லை. நாளிதழ்க்காரர்கள்கூடத் தலையைத் தூக்கினார்கள். தலைவர் தடுமாறவில்லை.

"பாப்பா, கல்யாண வீட்டுச் சமையல்காரர் பந்தியில உட்கார்ந்து பார்த்திருக்கியா?"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

அவர் புத்தகம் எடுத்துப் பார்த்தவர்கள் இல்லை என்பதை ஊரில் சிலர் ஏளனமாகச் சொல்வார்கள். சொல்பவர்கள் எல்லாரும் நன்றாகப் படிப்பவர்கள். என் அபிப்பிராயம் வேறு. வாசகர்களை மட்டும் நம்பி ஒரு நூலகத்தை நடத்த முடியாது. மின்விசிறி நின்றுபோனால் வாசகர் அடுத்த மின்விசிறிக்கு அடியில் போய் உட்காருவார். தலைவர் வார்டு உறுப்பினர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவார், மெக்கானிக் வரும்வரை எழுந்திருக்கமாட்டார். விழா முடிந்து "நாலு நாற்காலியை உள்ளே எடுத்துப் போடுங்கப்பா" என்ற குரல் கேட்டதும் முதலில் காணாமற்போகிறவர்கள் யாரென்று கவனித்துப் பாருங்கள். கையில் தடித்தடியாக நாவல் இருக்கும்.

சிறந்த வாசகர் வட்டத் தலைவர்களுக்கு அரசு நூலக ஆர்வலர் விருது தருகிறது. இவருக்கு இன்னும் வரவில்லை. "விருதுக்காகவா செய்யறோம்?" என்று அடிக்கடி கேட்பார், யாரும் கேட்காமலேயே.

20ஆம் தேதி நிறைவு விழா. டீக்காரருக்குக் கணக்கு முடித்து, பொன்னாடையைப் பத்திரமாக மடித்து வைத்தார் தலைவர். நூலகர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மேடம், ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். நிரல் போட்டுடலாமா?"

"சார், அதுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு."

"அப்ப மழை இருக்காதும்மா. ஆனா பரீட்சை இருக்கும். பசங்க கிடைக்கமாட்டாங்க. பேப்பர் படிக்கிறவங்களுக்கு இப்பவே சொல்லி வெச்சுடணும்."