சுடு மாப்ளே, ஆனா யாரைன்னு சொல்லிட்டுச் சுடு

வா மாப்ளே, உக்காரு. காலையில இருந்து செல்போனைப் பாத்து நீ படிச்சதெல்லாம் காதுல விழுந்துச்சு. தீவிரவாதின்னு தெரிஞ்சா அங்கேயே சுடணும், கோர்ட்டு, விசாரணை எல்லாம் தண்டச் செலவு. நல்லாத்தான் இருக்கு. இதையே சொல்லிக்கிட்டு உன்னைவிடப் பெரிய ஆளுங்க துப்பாக்கியோட நம்ம தருமபுரி ஜில்லாவுக்கு வந்துட்டுப் போயிருக்காங்க. அதனால பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பாத்துடலாம்.

நாயக்கன்கொட்டாய் பக்கம் நக்சல்பாரிங்க கால் வெச்சப்ப அங்க கந்துவட்டி இருந்துச்சு, டீக்கடையில ரெட்டை டம்ளர் இருந்துச்சு. அவங்களை யோக்கியன்னு நான் சொல்லல. வட்டிக்காரனைக் கொன்னாங்க, வட்டி சாகல. 1980 ஆகஸ்ட்ல திருப்பத்தூர்ல குண்டு வெடிச்சு, இன்ஸ்பெக்டர் பழனிசாமியும் கூட இருந்த போலீஸ்காரங்களும் செத்தாங்க. எம்.ஜி.ஆர். ஆட்சி. போலீஸ் அதிகாரி தேவாரம் படையோட இறங்கினாரு. செத்த இன்ஸ்பெக்டரோட மகள் பேரையே, அஜந்தான்னு, அந்த வேட்டைக்கு வெச்சாங்க. என்கவுன்ட்டர் மேல என்கவுன்ட்டர். முடிஞ்சுதுன்னு சொன்னாங்க.

2002 நவம்பர்ல ஊத்தங்கரை பக்கம் மறுபடியும் நக்சல்பாரிங்களைச் சுட்டாங்க. அப்ப ஊத்தங்கரை நம்ம ஜில்லாதான். பொடா சட்டத்துல ஆளுங்களை அள்ளிக்கிட்டுப் போனாங்க, சின்ன வயசுப் பசங்களையும் சேத்து. இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சு போனதை மறுபடி எப்படிப்பா முடிச்சாங்க? படிச்சவன் நீதான் சொல்லணும். இன்னொண்ணு. செத்துப்போன நக்சல்பாரித் தலைவருங்க அப்பு, பாலன் நினைவிடத்துல செப்டம்பர் 12 ஆனா போலீசு குவியும். உயிரோட இருக்கிற நமக்கு ராத்திரி ரோந்துக்கு ஆள் வரல, செத்தவங்களுக்கு வருஷா வருஷம் காவல்.

அதே மூலையிலதான் 2012 நவம்பர் 7-ம் தேதி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டின்னு தலித் குடியிருப்பு மூணும் சாதி வெறியில எரிஞ்சுது. இருநூறு வீட்டுக்கு மேல. எரிச்சவங்க காட்டுக்குள்ள இருந்து வரல. அவங்களைக் கண்ட இடத்துல சுடணும்னு உன் செல்லுக்கு ஒரு மெசேஜாவது வந்துச்சா? சும்மா கேட்டேன்.

அரூர் பக்கம் வாச்சாத்தின்னு ஒரு ஊரு இருக்கே, போயிருக்கியா? 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை பதுக்கியிருக்காங்கன்னு வனத்துறை, போலீசு, வருவாய்த்துறை, மொத்தம் 269 பேரு புகுந்தாங்க. அங்க நடந்ததை நான் கேலியா சொல்ல மாட்டேன் மாப்ளே. 18 பொண்ணுங்களை நாசம் பண்ணாங்க. வீட்டை இடிச்சாங்க. ஆடு மாட்டை அடிச்சுத் தின்னாங்க. குடிக்கிற கிணத்தைக்கூட விட்டு வைக்கல. 2011-ல தருமபுரி கோர்ட்டு தீர்ப்பு சொன்னப்ப 54 பேரு செத்தே போயிட்டாங்க, மிச்சம் 215 பேரும் குத்தவாளி. 2023-ல ஐகோர்ட்டும் அதையே சரின்னு சொல்லி, அந்தப் பொண்ணுங்களுக்கு ஆளுக்குப் பத்து லட்சம் குடுக்கச் சொல்லுச்சு. முப்பத்தோரு வருஷம் கழிச்சு. மலைமேல மரம் வெட்டினது கூலிக்காரன். அந்தக் கட்டையை வாங்கி எண்ணெய் எடுத்தவன் பங்களாவுக்குள்ள எத்தனை பேரு புகுந்தாங்க?

வீரப்பனைச் சொல்லுவ, தெரியும். நீ சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. ஏழைக்கு வேலை குடுத்தா எல்லாம் அடங்கிடும்னு பட்டணத்துல பேசுறாங்களே, வீரப்பனுக்கு வேலைக்கா பஞ்சம்? யானைத் தந்தம், சந்தனம், ஆள் கடத்தல்னு மூணு தொழிலு ஓட்டினாரு. அந்த ஆளுக்குத் துப்பாக்கிதான் வேணும், நானும் ஒத்துக்கறேன். ஆனா எப்படிப் பிடிச்சாங்கன்னு பாரு. அதிரடிப்படை பத்து வருஷத்துக்கு மேல மலையைச் சல்லடை போட்டுச்சு. வீரப்பனுக்குச் சோறு போட்டியான்னு கேட்டு ஊர் ஊரா அடிச்சாங்க. அடி வாங்கினவன் துப்பா சொல்லுவான்? அந்த அடிக்கு 2007-ல மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு. அடிச்சதும் நம்ம வரிப்பணத்துல, களிம்பு தடவினதும் நம்ம வரிப்பணத்துல. கடைசியில அவரைக் கொண்டு வந்தது எது? ஒரு ஆம்புலன்ஸ் வண்டி. கண்ணுக்கு வைத்தியம்னு நம்ப வெச்சு, 2004 அக்டோபர் 18 ராத்திரி பாப்பாரப்பட்டிகிட்ட மறிச்சாங்க அதிரடிப்படைத் தலைவர் விஜயகுமார் ஆளுங்க. யாரைச் சுடறோம்னு தெரிஞ்சு சுட்டாங்க. அன்னிக்கு ஊருக்குள்ள யாருக்கும் அடி விழல.

அதனால துப்பாக்கி வேணாம்னு நான் சொல்லவே இல்ல. எலி பிடிக்கிறேன்னு நெல்லுக் குதிரைக் கொளுத்தாதன்னுதான் சொல்றேன். நெல்லு போனப்புறம் எலிக்கு மட்டுமா பசிக்கும்?

சரி, பெரிய பேச்சு போதும். தெக்கால கொட்டாய்க்காரனுக்குப் பத்து வட்டிக்கு விட்டிருக்கியாமே? போன வாரம் அவன் வூட்டு வாசல்ல நின்னு பொம்பளைங்க காதுல விழற மாதிரி சத்தம் போட்டியாமே? அவன் மகன் ஒரு வார்த்தை பேசாம உன்னையே பாத்துக்கிட்டு இருந்தானாம், பத்தாவது படிக்கிற பையன். அந்த நோட்டை எடுத்துக்கிட்டு வா. அசல் எவ்வளவு, இதுவரைக்கும் எவ்வளவு வாங்கியிருக்கன்னு நான் கூட்டிச் சொல்றேன்.