பனி இல்லாட்டி பாக்கு மட்டை

வாங்க வாத்தியார் தம்பி, குந்துங்க. பிளேன்டீ ஊத்தச் சொல்றேன். வகுப்புச் சுவரு பூரா பஞ்சு ஒட்டிப் பனிமலை செஞ்சிருக்கீங்களாமே, பேத்தி சொல்லிச்சு. 2026 பெப்ரவரியில இத்தாலியில நடந்த பனிக்கால ஒலிம்பிக்க வச்சுக் கணக்குப் பாடமாம். ரொம்ப நல்லது. நமுனுகுலயில மார்கழி தையில மழைதான் ஊத்தும். சுவத்துலயாவது புள்ளைங்க பனியப் பாக்கட்டும்.

ஆனா ஒண்ணு. ‘கேர்லிங் கல்லு ஒண்ணு 20 கிலோ, நாலு கல்லு எத்தனை கிலோ?’ன்னு நீங்க குடுத்த கணக்க வச்சுக்கிட்டு பேத்தி பென்சிலக் கடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. “ஒங்கம்மா ஒரு நாளைக்கு 20 கிலோ கொழுந்து எடுத்தா நாலு நாளைக்கு எவ்வளவுடி?”ன்னேன். கேட்டு முடிக்கல, எண்பதுன்னுருச்சு.

ஐசுல தள்ளி வெளையாடுற அந்தக் கேர்லிங் கல்லு ஸ்கொட்லாந்துல எயில்சா கிரேக்ங்கிற தீவுலேருந்து வருதாம். 1867ல லூல்கந்துரையில தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் தொரையும் அந்த நாட்டுக்காரருதான். கல்ல வெளையாட அங்கயே வச்சுக்கிட்டு, கூடைய நம்ம தலையில மாட்டிட்டாங்க. கல்லு ஓடுறப்ப முன்னால ரெண்டு பேரு ஐசக் கூட்டிக்கிட்டே ஓடுவாங்களாம், உராய்வு கொறஞ்சு கல்லு தூரமாப் போகுமாம். அதுக்கு மெடலு! இங்க வாசக்கூட்டிக்கு நாள் சம்பளத்துக்குப் பேரு போடவே தோட்டத்துத் தொர யோசிப்பாரு.

பனிக்கால ஒலிம்பிக்னா, இந்தியாக்கார சிவ கேசவனத் தெரியுமா? சறுக்குப் பலகையில மல்லாக்கப் படுத்துப் பாயுற லூஜ் வெளையாட்டுக்காரரு. 1998ல நகானோ ஒலிம்பிக்குக்குப் போறப்ப வயசு 16. 2018 வரைக்கும் ஆறு ஒலிம்பிக். பழக ஐஸ்தடம் இல்லாம, பலகைக்குச் சக்கரம் மாட்டி இமயமலை ரோட்டுல லொறிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவுல பாஞ்சாரு மனுசன். அவரு படம் சுவத்துல காணோமே, பசை தீந்து போச்சோ?

இங்கயும் ரெண்டு பயலுக பாக்கு மட்டையில குந்திக்கிட்டு மானாப்புல் சரிவுல அப்படித்தான் பாஞ்சானுங்க. அவனுங்களத்தானே போன வாரம் முட்டி போட வச்சீங்க?

கணக்குல வளைவு பத்திப் பாடம் எடுக்கணும்னாலும் இங்கயே எடம் இருக்கு, தெமோதரைக்குக் கூட்டிப் போங்க. ஸ்டேசன விட்ட ரயிலு மலையச் சுத்தி எறங்கி, அதே ஸ்டேசனுக்கு அடியில டனலுக்குள்ள பூந்து பதுளைக்குப் போவும். கங்காணி ஒருத்தரு தலைப்பா கட்டுறதப் பாத்துத்தான் இஞ்சினியருக்கு அந்த யோசனையே வந்துச்சுன்னு ஒரு கதை. நெசமோ பொய்யோ, கங்காணி பேரன் நான் நம்பாம வேற யாரு நம்புறது?

அதனால பஞ்சப் பிச்சுப் போட வேணாம், இருக்கட்டும். சனிக்கிழமை அந்த ரெண்டு பயலுகளையும் கூட்டிக்கிட்டு, ஒரு அளவு நாடா, ஒரு மணிக்கூட்டோட சரிவுக்கு வாங்க. காஞ்ச புல்லுல எத்தனை செக்கன், ஈரப் புல்லுல எத்தனை செக்கன்னு புள்ளைங்க எழுதட்டும். மட்டை நான் பொறுக்கித் தாரேன். மொத ஆளாச் சறுக்குறது மட்டும் நீங்களா இருக்கணும், பழைய கால்சட்டையாப் போட்டுக்கிட்டு வாங்க.