பாணித் தாங்கியும் பல்கனிச் சிலிண்டரும்

2021 நவம்பரில் கொழும்பு ஹெவ்லொக் டவுன் பல்கனிகளில், காயப்போட்ட துவாய்க்கும் துளசிச் சாடிக்கும் நடுவே, காஸ் சிலிண்டர்கள் வந்து குந்தின. நாடெங்கும் அடுப்புகள் வெடித்துக்கொண்டிருந்த மாதம். சில வீடுகளில் உயிரும் போனது. ரிவியில் செய்தி முடியமுன்னரே அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“உந்தச் சனியனை முதல்ல வெளியில கொண்டுபோய் வை, தம்பி.”

இருபது வருடமாய்ப் புட்டவித்துத் தந்த 12.5 கிலோச் சிலிண்டர், ஒரு இரவில் மாமியாருக்குப் பிடிக்காத மருமகனாகி வாசலுக்கு வெளியே நின்றது. சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்க்கச் சொல்லி அறிவித்தல் வந்தது. அம்மா பாத்திரம் கழுவும் திரவத்தைக் கரைத்து, கழுத்து முதல் அடி வரை தேய்த்து, தீபாவளி முழுக்கே ஆட்டிவிட்டார். நுரை பார்க்கவேண்டிய இடம் வால்வும் றெகுலேற்றரும் குழாயும் மட்டும்தான் என்று சொன்னேன். “முதுகு தேய்க்காமல் முழுக்கோ?” என்றார்.

பிறகு ஜனாதிபதி குழு அமைத்தார். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தலைமையில் அது ஆராய்ந்து, காஸின் கலவை மாறியதில் விரலை வைத்தது. சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். நம்மூர் வெயிலில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, குணம்தான் வேறு. புரொப்பேன் பங்கு கூடினால், பழைய குழாயும் தளர்ந்த றெகுலேற்றரும் முதலில் கையை விரித்துவிடும். பெரும்பாலான இடங்களில் விட்டுக்கொடுத்தவை அவையும் அடுப்பும்தான். உருக்குச் சிலிண்டர் பாவம், செய்யாத குற்றத்துக்குப் பல்கனி மறியலில் கிடந்தது.

பழியை இப்படி இடம் மாற்றிச் சுமத்துவது கொழும்பார் கண்டுபிடித்த கலையல்ல. இந்தக் கதையில் இரண்டு ஆதர்கள். முதலாமவர் சேர் ஆதர் ஹெவ்லொக், 1890 முதல் 1895 வரை இலங்கை ஆளுநர், பிறகு சென்னைக்கும் ஆளுநர். எங்கள் பேட்டைக்குப் பெயரைத் தந்ததோடு அவர் வேலை முடிந்தது, போகலாம். இரண்டாமவர் ஆதர் ஜெல். அமெரிக்காவின் பொஸ்டனில் ஒரு சாராயக் கம்பனிக் கணக்குப்பிள்ளை. 1915இல் ஒரு இராட்சதத் தாங்கி கட்டும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். வரைபடம் வாசிக்கத் தெரியாது. தெரிந்த ஒருவரைக் கேட்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. சொந்தமாய் வீடு கட்டிய சித்தப்பா உள்ளவர்களுக்கு இந்த வகை ஆள் பழக்கம்.

தாங்கி 50 அடி உயரம், 90 அடி விட்டம். உள்ளே ஊற்றப்போவது கரும்புப் பாணி, நம்மூர்க் கித்துள் பாணிக்குச் சித்தி முறை. அதைப் புளிக்கவைத்து எடுக்கும் சாராயம் உலகப்போரின் வெடிமருந்துக்குப் போகும். புதுத் தாங்கியை விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிச் சோதிப்பது வழக்கம். கப்பல் வந்துகொண்டிருந்தது, தண்ணீருக்கும் காசு. ஆகவே ஜெல் 6 அங்குலத் தண்ணீர் விட்டார். ஐம்பதடிக்கு ஆறு அங்குலம் என்றால் அது சோதனையா, தீர்த்தம் தெளிப்பா?

முதல் நாளிலிருந்தே தாங்கி ஒழுகியது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தகரப் பேணியோடு வந்து பாணி பிடித்துப் போனார்கள். ஒரு தொழிலாளி, உட்சுவரிலிருந்து உதிர்ந்த இரும்புச் செதில்களை அள்ளிக்கொண்டுபோய் ஜெல்லின் முன்னால் வைத்தார். கணக்குப்பிள்ளை யோசித்தார். தாங்கிக்குப் பழுப்பு நிறப் பெயின்ற் அடிப்பித்தார். பாணியும் பழுப்பு, சுவரும் பழுப்பு. கசிவு ஒழிந்தது, கண்ணிலிருந்து.

இங்கே கொஞ்சம் கணக்கு, சாத்திரக்காரருக்குச் சொல்வதைவிடக் குறைவுதான். நிரம்பிய பாணியின் அழுத்தம் தாங்கியின் அடியில் ஏறக்குறைய 2 பார், ஒரு கார் டயருக்குள் இருக்கிற அளவு. எங்கள் சிலிண்டருக்குள் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். ஆனால் சுவரை இழுத்துக் கிழிக்கும் விசை அழுத்தத்தோடு ஆரையையும் பெருக்கினால் வருவது. சிலிண்டரின் ஆரை ஒரு சாணுக்கும் குறைவு. பொஸ்டன் தாங்கியின் ஆரை 45 அடி. ஆக அந்த டயர் அழுத்தம் தாங்கிச் சுவரைச் சிலிண்டரைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் இழுத்தது. உருளையில் சுற்றுவாட்டு இழுவை நீளவாட்டு இழுவையைப்போல் இரண்டு பங்கு, அதனால்தான் சட்டியில் பொரிக்கிற சொசேஜஸ் எப்போதும் நெடுக்காய் வெடிக்கிறது. ஜெல் சொசேஜஸ் சாப்பிட்டிருப்பார், கவனித்திருக்கமாட்டார்.

1919 ஜனவரி 15, மதிய நேரம். இரண்டு நாளுக்கு முன்தான் கப்பலில் வந்த சூடான பாணியைக் குளிர்ந்த பாணியின் மேல் ஏற்றியிருந்தார்கள். தாங்கி நெடுக்காய்ப் பிளந்தது. 23 இலட்சம் கலன் பாணி, 25 அடி அலையாய், மணிக்கு 35 மைல் வேகத்தில் தெருவில் இறங்கியது. மேம்பாலத் தண்டவாளத்தின் இரும்புத் தூண்கள் வளைந்தன. 21 பேர் செத்தார்கள், 150 பேர் காயப்பட்டார்கள். பேணியோடு வந்த பிள்ளைகளும் அதில்.

கம்பனி உடனே சொன்னது: குண்டு வைத்தது அராஜகவாதிகள்! கசிவுக்குப் பெயின்ற், வெடிப்புக்குப் பயங்கரவாதி. வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டு, 1925இல் நட்டஈடு கொடுக்கவேண்டி வந்தது. குண்டு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பின்னாளில் பொறியியலாளர்கள் கணக்குப் போட்டார்கள். சுவர் தேவையான தடிப்பில் ஏறக்குறைய பாதி. உருக்கில் மாங்கனீஸ் குறைவு, ஆகவே குளிரில் நொறுங்கும் குணம். டைட்டானிக்கின் உருக்கும் அதே குறைபாட்டுக் குடும்பம். ஆள் நுழையும் துளையின் மூடிக்குப் பக்கத்தில் கீறல் தொடங்கியது என்பது அவர்கள் அனுமானம்.

நம் நாட்டில் எதிர்மாதிரியான தாங்கிகளும் உண்டு. திருகோணமலை சீனக்குடாவில் பிரித்தானியர் 101 தாங்கிகள் கட்டினார்கள், ஒவ்வொன்றும் 12,000 தொன் அளவு. 1942 ஏப்ரல் 9இல் ஒரு யப்பானிய விமானம் 91ஆம் இலக்கத் தாங்கியில் மோதியது, தீ ஏழு நாள் எரிந்தது. இப்போது 99 நிற்கின்றன. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அவற்றில் பலவற்றில் எண்ணெய் இருந்த நாட்களைவிட ஒப்பந்தங்கள் இருந்த நாட்களே அதிகம். 1987 இந்திய இலங்கை உடன்படிக்கைக் கடிதங்களில் ஒருமுறை, 2003இல் ஒருமுறை, 2022இல் ஒருமுறை. காகிதம் உருக்கை அழுத்துவதில்லை, அதனால் அவை இன்னும் வெடிக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். பயத்தில் அம்மா மின்சார அடுப்பொன்று வாங்குவித்தார். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் போனது. காஸ் கடையிலே இல்லை. ஹெவ்லொக் வீதியோரம் வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டி வரிசையில் நிறுத்தியிருந்தார்கள், மறியலில் கைதிகளைப்போல.

பல்கனியில் கிடந்ததில் இன்னும் அரைவாசி காஸ் இருந்தது. அன்றிரவு அம்மா ரோர்ச் பிடிக்க, அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். குசினிக்குள் அல்ல.

“கள்ளன் கொண்டுபோயிடுவான்,” என்று சுவாமி அறையைத் திறந்து, பிள்ளையார் படத்துக்குக் கீழே வைக்கச் சொன்னார். பிறகு ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டு, துவாய்த் துண்டால் அதன் முதுகைத் துடைத்தார்.