சாமந்தி தூங்கட்டும்

கேள்வி: துர்கா பூஜை நெருங்குகிறது, மழையோ விட்டபாடில்லை. மொட்டை மாடித் தொட்டிகளுக்கு இப்போது என்ன செய்வது?
- ஒரு வாசகி, லேக் மார்க்கெட், கொல்கத்தா

பதில்: பூஜைக்குப் புடவை எடுத்தாயிற்றா என்று ஊரே கேட்கும்போது தொட்டியைப் பற்றிக் கேட்கிறீர்களே, வாழ்க!

முதலில் தொட்டியின் அடி ஓட்டையில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் வேர் அழுகிவிடும். அடித்தட்டில் தேங்கிய நீரையும் கொட்டுங்கள். டெங்கு கொசுவுக்குப் பூஜை விடுமுறை கிடையாது.

அடுத்தது சாமந்தி. செப்டம்பர் பாதிக்கு மேல் அதன் நுனியைக் கிள்ளாதீர்கள். இரவு நீண்டால்தான் அது மொட்டு வைக்கும். தெருவிளக்கின் ஒளியோ பந்தலின் சீரியல் பல்பின் ஒளியோ இரவெல்லாம் மேலே விழுந்தால், பகல் இன்னும் முடியவில்லை என்று நினைத்து மொட்டைத் தள்ளிப்போட்டுவிடும். தொட்டியை மாலையில் இருட்டு மூலைக்கு நகர்த்திவிடுங்கள். ஊரே விடிய விடிய விழித்திருக்கும் நாட்களில் தூங்க வேண்டியது உங்கள் சாமந்திதான்.

உரத்துக்குக் கடுகுப் பிண்ணாக்கு. ஒரு வாரம் ஊறவைத்து, தெளிந்த நீரில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். வங்காளத் தோட்டக்காரர்களின் கைமருந்து இது. நாற்றம் பக்கத்து வீடுவரை போகும். பூத்ததும் இரண்டு பூ கொடுத்தால் சமாதானம் ஆகிவிடுவார்கள்.

ரோஜாவைக் கவாத்து செய்ய, அக்டோபர் நடுவில் மழை ஓயும்வரை பொறுங்கள். பவளமல்லியைத் தொடவே வேண்டாம், அதற்கு இது பூக்கும் காலம். குளிர்காலப் பூச்செடிகள் வாங்க, 1820-இல் வில்லியம் கேரி தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் அலிப்பூரில் இருக்கிறது. ஒருநாள் போய்வாருங்கள், பெரிய பையோடு!