சந்தையும் சங்கீதமும்

உக்ரேன் யுத்தத்தை முன்னிட்டு 2022ஆம் ஆண்டில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியினின்று விலக்கப்பட்ட ருஷ்யா, 2025 செப்டம்பர் 20 அன்று மாஸ்கோவுக்கு அருகே 'இன்டர்விஷன்' என்றொரு போட்டியைத் தானே கூட்டி, பாரதத்தையும் பாட வைத்தது. ருஷ்ய எண்ணெயை வாங்கிய அபராதமும் சேர்த்து அமெரிக்கா நம் சரக்கின்மீது 50 சதவிகித வரி விதித்து, குண்டடம் வட்டாரத்துப் பனியன் தையல் கூடங்கள்வரை கவலை பரவி, அப்போது ஒரு மாதங்கூட நிறையவில்லை. எண்ணெய் வாங்கியவர் ஒருவர், பாடியவர் ஒருவர், சுருதி இறங்கியதென்னவோ பனியனுக்கு!

துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசும் மாட்டுத் தரகர்களை அறிந்த நமக்கு இந்த ராஜதந்திரம் புதிதன்று. விருந்தோம்பும் தேசம் வெல்லலாகாதென்று ருஷ்யப் பாடகர் மதிப்பெண்ணையே மறுத்தார், என்ன பெருந்தன்மை! முதற்பரிசோ, அதே அமெரிக்காவுக்கு அப்போது 20 சதவிகித வரியில் ஆடை அனுப்பிய வியட்நாமுக்குப் போயிற்று. சங்கீதத்தில்கூட விட்டுவைக்கவில்லை, புண்ணியவான்கள்.