சாம்பல் செய்த சிபாரிசு

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. உண்மைதான், வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வேன். ஆனால் தலையாட்டத் தெரியும். ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல் நம்மூர்க்காரர்கள் ஆட்டுவோமே, அந்த ஆட்டல். அதை வைத்துக்கொண்டே ஒரு தவக்காலம் முழுக்க ஒரு லெபனான் குடும்பத்தின் முன்னால் பக்திமானாக உலாவியிருக்கிறேன்.

சிட்னியில் ஹாரிஸ் பார்க் என்று ஓர் இடம். அங்கே விக்ரம் தெரு முழுக்க தோசை, பிரியாணி, பானிபூரி. (விக்ரம் என்றதும் நம்மவர் வைத்த பெயர் என்று நினைக்க வேண்டாம், அது ஏதோ வெள்ளைக்காரர் பெயர்.) அதே ஹாரிஸ் பார்க்கில் ஆலிஸ் தெருவில் லெபனான் மாதா பேராலயம் இருக்கிறது. மரோனைட் கிறிஸ்தவர்களின் கோயில் அது. ஆஸ்திரேலியாவுக்கென்று அவர்களுக்கு 1973இல் தனி மறைமாவட்டமே வந்துவிட்டது. 1975இல் லெபனானில் உள்நாட்டுப் போர் தொடங்கி 1990 வரை நீடித்தபோது வந்து இறங்கியவர்கள் ஏராளம். நாம் மாவரைக்கும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் சொல்லும் சாப்பாட்டுக் கடை அந்தப் பக்கம்தான், ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயர் வேண்டாம், அவர்கள் நல்லவர்கள். அடுப்படியில் மகன், கல்லாவில் மருமகள், காலேஜ் முடிந்து வந்து பரிமாறும் பேரன். கடைசி மேசை மட்டும் வாடிக்கைக்காரர்களுக்குக் கிடையாது. அதில் பார்ஸ்லிக் கீரையைக் குவித்துக்கொண்டு பாட்டி உட்கார்ந்திருப்பார். எல்லோரும் அவரைத் தேத்தா என்பார்கள், பால் கொண்டுவந்து போடுகிறவர் உட்பட.

அன்றைக்குத் திங்கட்கிழமை. நானும் மனைவியும் மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய்விட்டுப் பசியோடு திரும்பினோம். வீட்டில் மாவு இல்லை என்று இவள் சொன்னாள். தெரிந்த தோசைக் கடைக்குத் திங்கள் விடுமுறை. திறந்திருந்தது இதுதான். திருநீறு விஷயத்தில் நான் தாராளம். எங்கள் திருநெல்வேலி வீட்டில் நெற்றி தெரிந்தால் திட்டு விழும்.

உள்ளே நுழைந்ததும் தேத்தா என் நெற்றியைப் பார்த்தார். நான் அவர் நெற்றியைப் பார்த்தேன். அங்கேயும் சாம்பல்!

ரோமன் கத்தோலிக்கர்களுக்குத் தவக்காலம் புதன்கிழமை தொடங்கும். மரோனைட்டுகளுக்கு அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே, திங்கட்கிழமை. அன்றைக்குக் கோயிலில் நெற்றியில் சாம்பல் இடுவார்கள். இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. நம்மூர்க் கத்தோலிக்கர்களே அந்தப் புதனை விபூதிப் புதன் என்றுதான் சொல்வார்கள். எதிர்வீட்டு ஜெபமாலை டீச்சர் வருஷாவருஷம் சொல்லிக் கேட்டவன் நான். வேண்டிய நேரத்தில் எது என் நினைவுக்கு வந்திருக்கிறது?

தேத்தா கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்து, தன் நெற்றியைத் தொட்டு, என் நெற்றியைக் காட்டி, அரபியில் ஏதோ கேட்டார். நான் தலையாட்டினேன். இறைச்சி வேண்டாம் என்று பேரனிடம் சொன்னேன். முட்டையும் வேண்டாம் என்றேன். அவன் அதைப் பாட்டிக்குச் சொல்ல, அவர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"நீங்க கேரளாவான்னு பாட்டி கேக்குது, ப்ரோ."

ஐம்பதைத் தாண்டிய என்னை அவன் ப்ரோ என்பான். தேத்தாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது கவனித்துக்கொண்ட நர்ஸ் கேரளத்துக் கிறிஸ்தவராம். அவர்கள் பூசையிலும் சுரியானி மொழி உண்டு, இவர்கள் பூசையிலும் உண்டு. அந்த உறவைத் தேத்தா விடுவதாக இல்லை. தமிழ்நாடு கேரளத்துக்குப் பக்கம்தானே. பக்கம் என்ற பொருளில் இன்னொரு முறை தலையாட்டினேன். இவள் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

சரி, ஒரு வேளைச் சாப்பாடு, இனி எதற்கு வரப்போகிறோம் என்றுதான் நினைத்தேன். சாப்பாடு வந்தது.

முதலில் ஒரு தட்டில் முழுத் தக்காளி, முழு வெள்ளரி, முள்ளங்கி, ஒரு கட்டுப் புதினா, கூடவே ஒரு கத்தி. அலங்காரம் என்று நினைத்து ஓரமாக நகர்த்தினேன். பக்கத்து மேசைக்காரர் தன் தக்காளியை வெட்டி உப்புத் தூவிச் சாப்பிட ஆரம்பித்த பிறகு என்னுடையதை மெல்ல இழுத்துக்கொண்டேன். அடுத்து ஒரு கிண்ணத்தில் வெள்ளையாக, மெத்தென்று ஒன்று. ஊரை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் தேங்காய்ச் சட்னி என்று கை போய்விடுகிறது. ஒரு ஸ்பூன் நிறைய எடுத்து வாயில் போட்டேன். பச்சைப் பூண்டு! தூம் என்பார்கள். பூண்டையும் உப்பையும் நைய அரைத்து, எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் சேர்த்துக்கொண்டே வந்தால் வெண்ணெய்ப் பதத்துக்கு எழும்பி நிற்கும். எண்ணெயை நூல் போல விட வேண்டும், அவசரப்பட்டால் திரிந்துவிடும் என்று மகன் பிறகு ஒருநாள் சொன்னார். ரொட்டியில் தடவத் துளி போதும். மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கில் என்னைச் சுற்றி நாற்காலிகள் காலியாக இருந்தன.

இன்னொரு வெட்கக்கேடு. கையால் சாப்பிடுவதில் மூத்தகுடி நாம். அங்கே போய் நான் முள்கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொட்டியைக் கிள்ளி, விரலில் மடித்து, குழியாக்கி, கொண்டைக்கடலையை அரைத்த ஹம்முஸை அள்ளுவது அவர்கள் வழக்கம். அதை எனக்குக் கற்றுத்தந்தது ஆறு வயசுப் பக்கத்து மேசைப் பையன்.

முஜத்தரா என்று ஒன்று வந்தது. தோல் நீக்காத முழு மைசூர்ப் பருப்பும் அரிசியும் சேர்த்து வேகவைத்து, வெங்காயத்தை ஆலிவ் எண்ணெயில் கருகப் போகும் எல்லை வரை வறுத்து மேலே கொட்டியிருந்தார்கள். விரதத்துக்கென்றே உள்ள சமையல் அவர்களிடம் ஒரு பெரிய வரிசை. எண்ணெயில் வதக்கிய பீன்ஸ், அரிசி வைத்துச் சுருட்டிய திராட்சை இலை, உடைத்த கோதுமையும் பரங்கிக்காயும் பிசைந்து உள்ளே கொண்டைக்கடலையும் கீரையும் வைத்த கிப்பே. ஆட்டிறைச்சிக் கிப்பேயின் விரத வேஷம் அது. இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொடாமல் இத்தனை ருசி என்றால், ஏன் வராமல் இருப்பேன்? அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும்.

பால் எதுவும் தொடாமல் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் விதி சிரித்தது. தயிரைத் துணியில் கட்டி வடித்து, உப்புச் சேர்த்து, மேலே ஆலிவ் எண்ணெயும் காய்ந்த புதினாவும் தூவித் தருவார்கள். லப்னே. தயிர்சாதத்தில் வளர்ந்த எனக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆர்டர் செய்தேன். பேரன் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். பின்மேசையிலிருந்து ஒரு அதட்டல். அவன் கிண்ணத்தை அப்படியே தூக்கி இவள் முன்னால் வைத்தான்.

"ஸாரி ப்ரோ. விரதக்காரருக்குப் பால் கூடாதாம். அக்கா விரதமில்லையே, அவங்க சாப்பிடட்டும்."

இவள் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கனாஃபே இருந்தது, சீஸ் உருகி, மேலே பாகு மினுங்க. அதன் பக்கம் என் கண் போனாலே தேத்தா பேரீச்சம்பழம் அனுப்பிவிடுவார்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லிடுங்க. நாங்க பிறவிச் சைவம்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

"அடுத்த வாரம் சொல்றேன்."

அடுத்த வாரம் சொல்ல முடியாதபடி ஒன்று நடந்தது. பேரன் அடுப்படியில் கோழித் துண்டு ஒன்றைத் திருட்டுத்தனமாக வாயில் போட்டுக்கொண்டு மாட்டிக்கொண்டான். தேத்தா அவன் காதைப் பிடித்து என் மேசைக்கே இழுத்துவந்து என்னைக் காட்டி நீளமாகப் பேசினார். அவனே அதை மொழிபெயர்க்கவும் வேண்டியிருந்தது. "எங்கிருந்தோ வந்த மனுஷன், எவ்வளவு சுத்தமா இருக்கார், உனக்கு வெக்கமில்லையான்னு கேக்குது." நான் அடக்கமாகத் தரையைப் பார்த்தேன். அந்த அடக்கத்தையும் தேத்தா என் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

பக்தி கிடைத்த பிறகு ஆசை அறிவு மேல் போயிற்று. லெபனானைப் பற்றிப் படித்துக்கொண்டு போய்ப் பேச ஆரம்பித்தேன். ஹம்முஸ் யாருடையது என்று இஸ்ரேலோடு நடந்த போட்டியில், 2010 மே மாதம் லெபனான்காரர்கள் 10,452 கிலோ ஹம்முஸ் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள், நாட்டின் பரப்பும் 10,452 சதுர கிலோமீட்டர்தான் என்று மருமகளிடம் எடுத்துவிட்டேன். அவர் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டு, "அந்தப் பாத்திரத்தை யார் கழுவினாங்க?" என்று கேட்டார். நான் படித்ததில் அது இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மகன் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த ஓர் இரவில், அவர்கள் வடக்கு லெபனான் மலைக்காரர்கள் என்று தெரிந்ததும், எனக்குக் கலீல் ஜிப்ரான் ஞாபகம் வந்துவிட்டது. 1923இல் வந்த 'தீர்க்கதரிசி'யைத் தமிழில் பாதி படித்திருக்கிறேன். அந்தப் பாதியின் பலத்தில், ஜிப்ரான் பிறந்த ப்ஷர்ரி எப்பேர்ப்பட்ட ஊர், எப்பேர்ப்பட்ட மண் என்று உருகினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல எழுத்தாளர்" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்குக் காபி வரவில்லை.

பேரன்தான் விளக்கினான். அவர்கள் ஸ்கார்த்தாக்காரர்கள். ஸ்கார்த்தாவுக்கும் ப்ஷர்ரிக்கும் பழைய பகை. இரண்டும் மரோனைட் ஊர்கள், ஒரே மலை. 1978 ஜூனில் எஹ்தென் என்ற இடத்தில் ஸ்கார்த்தாவின் தலைவர் டோனி பிரான்ஜியே, மனைவி, சின்னப் பெண்ணோடு கொல்லப்பட்டார். தாக்க வந்த படையில் ப்ஷர்ரி ஆட்கள் இருந்தார்கள். இரண்டு பக்கத்துத் தலைவர்களும் கைகுலுக்கிக்கொண்டது 2018இல்தான். நாற்பது வருஷம். பக்கத்து ஊர்ப் பகை எத்தனை தலைமுறை நிற்கும் என்று தாமிரபரணிக் கரைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அடுத்தவன் தேசம் என்றால் அங்கே எல்லோரும் ஒரே கவிஞனை நினைத்து ஒன்றாக உருகுவார்கள் என்று நமக்கு ஒரு நினைப்பு.

பரிகாரமாகப் பார்ஸ்லி ஆயட்டுமா என்று தேத்தாவிடம் போய் நின்றேன். தபூலே என்றால் உடைத்த கோதுமைச் சாலட் என்று சூப்பர்மார்க்கெட் டப்பா சொல்லிக்கொடுத்திருந்தது. அங்கே கோதுமை பேருக்குத்தான், முழுக்கக் கீரை. கட்டை இறுக்கிப் பிடித்து, கத்தியை ஒரே தடவை ஓட்டி, மயிரிழையாக நறுக்குவார். நறுக்கியதன் மேல் மறுபடி கத்தி படக்கூடாது. பட்டால் நசுங்கி, தண்ணீர் விட்டு, கறுத்துப்போகும். அவர் ஒரு கட்டு தந்தார். நான் கொத்தமல்லியை நறுக்கும் உற்சாகத்தில் மேலும் கீழும் கொத்தினேன். தேத்தா என் குவியலைப் பார்த்தார், தன் குவியலைப் பார்த்தார், என்னுடையதை மட்டும் தனியாக ஒரு பையில் போட்டு, வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார். ரசத்தில் போட்டோம்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த வாரம் போனபோது கடையே மணத்தது. தேத்தா வாசலுக்கே வந்து, "அல் மசீஹ் காம்!" என்றார்.

"தேங்க்யூ" என்றேன்.

பேரன் காதோரம் வந்து, "கிறிஸ்து உயிர்த்தார்னு சொல்லுது ப்ரோ. நீங்க 'ஹக்கன் காம்'னு சொல்லணும், மெய்யாகவே உயிர்த்தார்னு" என்றான். சொன்னேன். கொஞ்சம் தாமதமாக.

மேசையில் மாமூல் வந்தது. ஈஸ்டருக்கென்று ரவையில் நெய் விட்டுப் பிசைந்து, உள்ளே பிஸ்தாவோ அக்ரூட்டோ பேரீச்சையோ வைத்து, மர அச்சில் தட்டி எடுக்கும் பலகாரம். எத்தனை வாரத்து ஏக்கம்! கையை நீட்டினேன். தேத்தா தடுத்தார். முதலில் சாப்பாடு. அடுப்படிக்குப் போய்ப் பெரிய தட்டு ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். தயிரும் பூண்டும் எலுமிச்சையும் போட்டு ஊறவைத்துக் கரியில் சுட்ட கோழி, ஆட்டிறைச்சிக் கஃப்தா, வேஷம் கலைந்த அசல் கிப்பே. இத்தனை வாரம் வாயைக் கட்டிய மனிதனுக்காக. மகன் கரண்டியோடு வந்து நின்றார், ஜிப்ரானை மன்னித்துவிட்டிருந்தார். மருமகள் கல்லாவை விட்டு வந்தார். நான் முதல் வாய் வைப்பதைப் பார்க்கக் குடும்பமே நின்றது. இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

இப்போது தலையாட்டினால் காரியம் ஆகாது. வாயைத் திறந்தேன்.

"டாக்டர் இறைச்சி சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டார்."

பேரன் மொழிபெயர்த்தான். தேத்தாவின் முகம் மாறிவிட்டது. என்ன வியாதியாம்?

"வயிறு" என்றேன்.

தட்டு உள்ளே போயிற்று. கூடவே மாமூலும் போயிற்று. நெய்யும் பருப்பும் வயிற்றுக்கு ஆகாதாம். போகும் வழியில் இவள் மட்டும் பிஸ்தா வைத்தது இரண்டை எடுத்துக்கொண்டாள். எனக்கு ஒரு கோப்பை சோம்புத் தண்ணீர் வந்தது, சர்க்கரை இல்லாமல்.

குடித்து முடிப்பதற்குள் பேரன் பேனாவும் பில் புத்தகமுமாகத் திரும்பி வந்தான். "ஞாயித்துக்கிழமை பூசையில உங்களுக்காக வேண்டிக்கப் போகுதாம். சாமியார்கிட்ட குடுக்கணும், முழுப் பேர் சொல்லுங்க ப்ரோ."

பாஸ்போர்ட்டில் சுவாமிநாதன் என்று இருக்கிறது. அப்பனுக்குப் பாடம் சொன்னவன் பெயர்.

"சாம்" என்றேன். ஆபீஸில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அது ஒன்றாவது பொய்யில்லை.