கொமினிகேசன் தம்பியிடம் யாரும் கேட்கவில்லை

பல்கலைக்கழகத்தின் இணையவழிப் படிப்புகளுக்கான இணையத்தளம் புதுப்பொலிவு பெற்றுவிட்டதாம். பழுகாமத்துச் சனங்களே, மட்டக்களப்பின் படுவான்கரை மக்களே, வெடி கொளுத்துங்கள். வெளிவாரிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க நீங்கள் பட்ட பாட்டையெல்லாம் இனி நீலப் பின்னணியில், உருளும் படங்களோடு, மிக அழகாகப் படலாம்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் இந்த நாட்டில் 17 அரச பல்கலைக்கழகங்கள் உண்டு. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றப் பதினாறும் தங்களை மறந்துவிட்டேன் என்று மனம் நோகும். ஆகையால் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் கிள்ளியெடுத்து நானே ஒரு பல்கலைக்கழகம் கட்டியிருக்கிறேன். அதற்குப் பெயர் கிடையாது, காணி கிடையாது, துணைவேந்தர் மட்டும் உண்டு. ‘அது நாங்கள் இல்லை’ என்று எவராவது அறிக்கை விட்டால், எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற பிள்ளையின் வாக்குமூலமாக அதை ஏற்றுக்கொள்வேன்.

இந்தத் தளத்தைப் பாவிப்போரின் கருத்தறிந்துதான் வடிவமைத்தார்களாம். அதற்கென்றே கொழும்பில், நட்சத்திர விடுதியில், மதிய போசனத்துடன் செயலமர்வு. தளத்தைப் பாவிப்போர் யார் என்று தீர ஆராய்ந்தார்கள். துணைவேந்தர், பீடாதிபதிகள், பதிவாளர், நிதியாளர் ஆகியோரே பாவிப்போர் என்று ஏகமனதாகக் கண்டுபிடித்தார்கள். உடனே அவர்களிடமே கருத்தும் கேட்டார்கள். துணைவேந்தர் தம் செய்தி முதற்பக்கத்தில் வேண்டும் என்றார். பீடாதிபதிகள் அந்தச் செய்திக்குக் கிட்டத் தங்கள் படம் வேண்டும் என்றார்கள். நிதியாளர் சாப்பாட்டுக்குப் பற்றுச்சீட்டு வேண்டும் என்றார். எல்லோருடைய தேவையும் நிறைவேறியது. ஆய்வு வெற்றி.

மாணவர்களை மறந்தார்கள் என்று பழி சொல்லக்கூடாது. வடிவமைப்பு நிறுவனம் ஒரு மாணவியைக் காகிதத்தில் படைத்துக்கொண்டு வந்திருந்தது. வயது 24. மடியில் அப்பிள் கணினி, கையில் கோப்பி, வீட்டில் கண்ணாடி இழை இணைப்பு. ஆங்கிலம் சரளம். பொழுதுபோக்கு, பயணம். உயிர் இல்லை என்பதைத் தவிர அவளிடம் ஒரு குறையும் இல்லை; உயிர் இல்லாதபடியால் முறைப்பாடும் இல்லை. சபை அவளை மிகவும் விரும்பியது.

பட்டிருப்புப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களை யாரும் காகிதத்தில் எழுதவில்லை. விடியப்புறம் ஆடைத்தொழிற்சாலை பஸ்சுக்கு நிற்கிற பிள்ளை, பட்டம் இருந்தால்தான் நிரந்தரம் என்று சொல்லப்பட்ட முன்பள்ளி ஆசிரியை, வட்டைக்குள் தகப்பனோடு நின்றுகொண்டே பரீட்சைப் பெறுபேறு பார்த்த பொடியன், கட்டாரில் எட்டு மணிநேர வேலை முடித்து இரவில் படிக்கலாமா என்று யோசிக்கிற குடும்பஸ்தன். ஆண்டுதோறும் உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்; உள்ளே எடுக்கப்படுகிறவர்கள் நாற்பதாயிரம் சொச்சம். தகுதியிருந்தும் வெளியே நிற்கிற மிச்ச லட்சம் பேரில் காசுள்ளவன் தனியார் நிறுவனத்துக்குப் போகிறான், இன்னும் காசுள்ளவன் விமானம் ஏறுகிறான். மற்றவர்களுக்கு வெளிவாரியும் தொலைக்கல்வியும்தான் கதவு. அந்தக் கதவின் மேல்தான் துணைவேந்தரின் படத்தை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள்.

படங்களைச் சொன்னேன் அல்லவா, பாருங்கள். குத்துவிளக்கு ஏற்றுகிறார். அடுத்தது, நாடா வெட்டுகிறார். அடுத்தது, யாரோ ஒரு தூதுவரோடு புரிந்துணர்வு ஒப்பந்தத்தைப் பிடித்தபடி சிரிக்கிறார். அடுத்தது, மரம் நடுகிறார். மரத்துக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், மண்வெட்டி ஒன்றுதான். இது எங்கள் நாட்டுக்கு மட்டும் பிடித்த நோய் அல்ல. 2010 இல் அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ராண்டல் மன்ரோ தன் எக்ஸ்கேசிடி தொடரில் இரண்டு வட்டம் போட்டார். பல்கலைக்கழக இணையத்தளத்தின் முதற்பக்கத்தில் இருப்பவை ஒரு வட்டம், அங்கே போகிறவர்கள் தேடுபவை மற்ற வட்டம். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர். உலகம் முழுக்கச் சிரித்தது. எங்கள் தளத்தில் அந்த முழுப்பெயரும் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது.

சனம் தேடுவது பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. மொத்தக் கட்டணம் எவ்வளவு, தவணையாகக் கட்டலாமா? எந்த மொழியில் படிக்கலாம்? பரீட்சை மட்டக்களப்பிலா, கொழும்புக்கு இரவு பஸ் ஏற வேண்டுமா? எத்தனை வருடம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை வருடத்தில் உண்மையிலேயே முடியுமா? இந்தப் பட்டத்தை அரசாங்க வேலைக்கு ஏற்பார்களா? பழுகாமத்தில் எந்தத் திண்ணையில் குந்தினாலும் இவற்றைப் பத்து நிமிடத்தில் கேட்டு எழுதிவிடலாம். நான்காவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுத எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் துணிவு வராது என்பது வேறு கதை.

இனி விண்ணப்பம். ‘முழுக்க முழுக்க இணையவழி’ என்று எழுதியிருக்கிறது. முதலில் பிடிஎப் படிவத்தை இறக்க வேண்டும். அதை அச்செடுத்துப் பேனையால் நிரப்ப வேண்டும். வங்கிக்குப் போய்க் காசு கட்டி, அந்தத் துண்டைப் படிவத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டியதை ஸ்கேன் பண்ண வேண்டும். ஸ்கேன் பண்ணியது பருமனாக இருந்தால் தளம் விழுங்காது, மெலியவைக்க வேண்டும். ஏற்றிய பிறகு, மூலப்பிரதியைப் பதிவுத்தபாலில், கடித உறையின் இடதுபக்க மேல்மூலையில் படிப்பின் பெயரை எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவருக்கு விரதமும் ஒரு தடவை தீயும்தான். இங்கே வருடா வருடம் பதிவைப் புதுப்பித்து மறுபடி மிதிக்க வேண்டும்.

இவ்வளவையும் செய்து கொடுப்பது யார்? கொமினிகேசன் தம்பி. ஒரு போட்டோ கொப்பி மெசின், ஒரு பழைய கணினி, றீலோட் அட்டைகள் தொங்கும் கம்பி, மின்விசிறி. படுவான்கரைக்கான பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பிரிவு அதுதான். அங்கே நடக்கிற பேச்சு இப்படியிருக்கும்:

“மனே, புள்ளைர போம் போயிற்றா?”

“போயிற்று மாமி. மறுகா இதப் பதிவுத்தபால்லயும் அனுப்பணும்.”

“அப்ப இப்ப நீ அனுப்பினது?”

“அது நெற்றால.”

“நெற்றால போனா மறுகா தபால் எதுக்கு?”

தம்பி மெசினைப் பார்க்கிறான். பதில் அவனிடம் இல்லை. நட்சத்திர விடுதியில் செயலமர்வு போட்டு நிபுணர்கள் எழுப்பாத கேள்வியை மகளுடைய விண்ணப்பத்துக்காக வந்த அந்தப் பெண் கடை வாசலில் நின்றபடி கேட்டுவிட்டார். ஆலோசனைக் கட்டணம் கேட்கவில்லை. படிவத்துக்கும் போட்டோ கொப்பிக்கும் அவர்தான் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

தம்பிக்குத் தெரிந்தது மூதவைக்குத் தெரியாது. எந்தப் பக்கத்தில் தளம் உறையும், எந்தப் பெட்டியில் அடையாள அட்டை இலக்கத்தை அடித்தால் பழைய இலக்கம் என்று துப்பும், முடிவுத் திகதிக்கு முதல்நாள் எத்தனை மணிக்கு முயற்சிக்கவே கூடாது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. விண்ணப்பிக்கிற அரைவாசிப் பேருக்கு மின்னஞ்சல் முகவரி திறந்துகொடுத்ததும் அவன்தான். கடவுச்சொற்களை ஒரு சீ.ஆர். கொப்பியில் வரிசையாக எழுதி மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறான். பல்கலைக்கழகத்தின் தரவுப் பாதுகாப்புக் கொள்கை பக்கம் பக்கமாகத் தளத்தில் கிடக்கிறது. நடைமுறையில் அந்தப் பாதுகாப்பு லாச்சியின் பூட்டுத்தான். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு மின்னஞ்சலில் வந்து, அதைப் பார்க்க ஆளில்லாமல் திகதி தாண்டிப்போனால், ‘விண்ணப்பதாரி சமூகமளிக்கவில்லை’ என்று கோப்பில் எழுதுவார்கள். விண்ணப்பித்த பிள்ளை சோம்பேறி என்று முடிவாகிவிடும்.

மொழிக்கு வருவோம். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது 1987 இல், பதின்மூன்றாம் திருத்தத்தில். அதைக் கண்காணிக்க 1991 இல் ஒரு சட்டம் போட்டு ஆணைக்குழுவும் வைத்தாயிற்று. தளத்தின் மேல்மூலையில் ‘தமிழ்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அமத்தினால் ‘விரைவில்’ என்று வரும். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக விரைந்துகொண்டிருக்கிறது. தப்பித்தவறித் தமிழில் ஒரு அறிவித்தல் போட்டால் அது பாமினி எழுத்துருவில் அடித்து ஒட்டியதாக இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை கொட்டும். அல்லது இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ், அதைவிடக் குப்பையே மேல். விஞ்ஞானக் கலைச்சொல் தமிழில் வேண்டுமென்று 1930களில் சென்னையில் குழுவுக்குத் தலைமை தாங்கி அகராதி தொகுத்த விபுலானந்தர் காரைதீவுக்காரர். இந்த மண்ணில் அவர் பெயரில் நிறுவகம் உண்டு, சிலை உண்டு. பிறந்தநாளில் மாலையும் போடுவோம். மாலை போடும் படம் தளத்தில் ஆங்கில விளக்கத்தோடு வரும்.

காசு இல்லை என்கிறார்களா? தொலைக்கல்வியை நவீனமாக்க 2003 இலேயே ஆசிய அபிவிருத்தி வங்கியிடம் கடன் வாங்கினோம். இணையவழித் தொலைக்கல்விச் சேவை என்றும் அதற்கு நாடெங்கும் அணுகு நிலையங்கள் என்றும் திறப்பு விழாக்கள் நடந்தன. 2017 இல் உயர்கல்வி விரிவாக்கத்துக்கென்று உலக வங்கியிடம் 100 மில்லியன் டொலர். வெளிவாரிப் படிப்பால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டது, ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு. எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில். கடனைக் கட்டுகிறவர்கள் பட்டியலில் பழுகாமத்தில் மாவும் சீனியும் வாங்குகிற எல்லோரும் இருக்கிறோம். கேட்கப்பட வேண்டியவர்கள் பட்டியலில் ஒருவர்கூட இல்லை.

கொரோனாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 இல் பல்கலைக்கழகத் தளங்களுக்கும் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியான சூம் வகுப்புகளுக்கும் டேட்டா இலவசம் என்றார்கள். நல்ல காரியம், மெச்சுகிறேன். ஆனால் டேட்டா இலவசமாக வர முதலில் சிக்னல் வர வேண்டும். 2021 இல் ஊவாப் பக்கம் போஹிட்டியாவவில் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னலுக்காகக் காட்டு வழியே பாறை ஏறிய படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகும் முதற்பக்கத்தில் தானாக ஓடும் காணொளி ஒன்றை வைக்க ஒருவருக்கு மனம் வந்தால், அவருக்குத் தோல் காண்டாமிருகத்தினது. காணொளியில் என்ன? ட்ரோன் கமரா வளாகத்தை மேலிருந்து காட்டுகிறது. இணையவழிப் படிப்புக்கு வளாகத்தின் கூரை எதற்கு?

நிபுணர்களுக்கு நிபுணர் பெயர் சொன்னால்தான் காது திறக்கும், ஆகவே சொல்கிறேன். பாவனையாளரை வைத்துத் தளத்தைச் சோதிக்க ஐந்து பேர் போதும் என்று யாக்கோப் நீல்சன் 2000 இல் எழுதினார். அந்த ஐந்து பேரே பெரும்பாலான கோளாறுகளைக் காட்டிக்கொடுத்துவிடுவார்களாம். பிரித்தானிய அரசாங்கம் தன் தளங்களை 2012 இல் ஒன்றாக்கியபோது எழுதிவைத்த முதல் விதி, மக்களின் தேவையிலிருந்து தொடங்கு, அரசாங்கத்தின் தேவையிலிருந்து அல்ல என்பது. இதற்குக் கடன் தேவையில்லை. பஸ் காசு போதும். கழுவாஞ்சிகுடியில் இறங்கிப் பாலம் தாண்டி வரலாம். கண்டுமணி மகா வித்தியாலயத்தில் உயர்தரம் முடித்தவர்களில் இரண்டு பேர், ஒரு முன்பள்ளி ஆசிரியை, ஒரு தாய், கொமினிகேசன் தம்பி. ஐந்து சரி. அவர்கள் கையில் அவர்களுடைய கைபேசியையே கொடுத்து, ‘இந்தப் படிப்புக்கு மொத்தம் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் பின்னால் குந்தியிருக்க வேண்டும். வாய் திறக்கக்கூடாது. விளக்கம் சொல்லக்கூடாது. பேராசிரியர்களுக்கு இந்த இடம்தான் கஷ்டம்.

அவர்கள் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வந்தால் தேரோட்டத்துக்குச் சிறப்பு விருந்தினராக வருவார்கள், பொன்னாடை கேட்பார்கள், அந்தப் படத்தைத் தளத்தில் போடுவார்கள்.

ஆகவே வாசகர்களிடம்தான் கேட்கிறேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் பிள்ளை விண்ணப்பிக்கிற பல்கலைக்கழகத்தின் தகவல் அலுவலருக்கு, தமிழில், ஒரு தாளில் எழுதுங்கள். இந்தத் தளத்துக்கு எவ்வளவு செலவழித்தீர்கள்? அமைக்கும் முன் எத்தனை விண்ணப்பதாரிகளை, எந்தெந்த ஊரில், எந்த மொழியில் விசாரித்தீர்கள்? தமிழ்ப் பக்கம் எந்தத் திகதியில் வரும்? 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் உங்களுக்கு அறிவித்தாக வேண்டும். கடிதத்தைப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். அவர்களுக்குப் பிடித்தது அதுதானே.